போதையில் ரிக்‌ஷா பயணம்: பயணிக்கும் தண்டனை உண்டா?

கொல்கத்தாவின் டாக்குரியாவில் மது குடித்துவிட்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுகிறீர்கள். 'வண்டி ஓட்டுறது நான் இல்லையே, எனக்கு என்ன?' என்று நினைக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, மோட்டார் வாகனம் ஓட்டுபவருக்குத்தான். மிதிக்கிற ரிக்‌ஷாவோ, அதில் போகும் பயணியோ அதில் வரமாட்டார்கள்.

ஆனால், ரிக்‌ஷா போவது பொதுச் சாலையில். போதையில் பொது இடத்தில் யாருக்காவது தொல்லை கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-வது பிரிவு பாயும். 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லையென்றால் சமூக சேவை.

2024 ஜூலை 1-க்கு முன்பு இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் அபராதம் வெறும் 10 ரூபாய்தான்!

ஒன்றை மறந்துடாதீங்க: தொல்லைக்கு ஆளாகும் 'யாராவது' என்பதில், உங்களை மிதித்துக் கொண்டுபோகும் ரிக்‌ஷாக்காரரும் அடக்கம்.