மலைத் தேயிலையும் கொச்சித் துறைமுகக் கணக்கும்

பள்ளிவாசல் மலையில் இருக்கிறவனுக்குத் துறைமுகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஏலக்காயும் மிளகும் வாங்கி விற்கிற வியாபாரி நான். சரக்கு கப்பலேறும் வரைக்கும் உள்ள செலவெல்லாம் கடைசியில் மலைச் சரக்கின் விலையில்தான் வந்து விடியும்.

முற்காலத்தில் நம் மலைக்குக் கொச்சி துறைமுகமே அல்ல. மூணாறுத் தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் போய், கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடி சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோயிற்று. கொல்லம் 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று கிழவர்கள் சொல்வார்கள். 1931இல் பள்ளிவாசல் வழியாக ஆலுவா சாலை திறந்தபிறகு சரக்கு கொச்சிக்குத் திரும்பியது.

அங்கே 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவார மணல்திட்டை வெட்டி வழி செய்தார். 1928 மே 26இல் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. இதற்கு முன்பே, 1925இல், இந்திய அரசு, சென்னை அரசு, திருவிதாங்கூர், கொச்சி நால்வரும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். சுங்க வருமானம் இந்திய அரசுக்கும் இரண்டு சமஸ்தானங்களுக்கும் மூன்று சம பங்கு. பங்கு இருந்தவன் கணக்குக் கேட்டான். கோவை ஆர்.கே.சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி திவானாக இருந்தது துறைமுகம் வளர்ந்த காலத்தில்தான் என்பது நமக்குப் பெருமை.

1936இல் அது பெருந்துறைமுகமாகி டெல்லியின் கைக்குப் போனது. 1963 சட்டப்படி வரவு செலவுத் திட்டத்துக்கும் டெல்லி அனுமதி வேண்டியிருந்தது. இத்தனை மேற்பார்வை இருந்தும் கடன் ஏறியது. 1936-37 முதல் 1994-95 வரை வாங்கிய அரசுக் கடன்களுக்கான அபராத வட்டி சுமார் 897 கோடி ரூபாயை 2016இல் மத்திய அமைச்சரவை தள்ளுபடி செய்தது. வல்லார்பாடம் கொள்கலன் முனையத்துக்கு 2005இல் ஒப்பந்தம் போட்டபோது, நடத்தும் நிறுவனம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு தரும் என்றார்கள். ஆனால் கப்பல் வழியை 14.5 மீட்டர் ஆழத்தில் வைத்திருக்கும் மண்வாரும் செலவு துறைமுகத்தின் தலையில். வரவை மட்டும் பார்த்து நிரந்தரச் செலவைப் பாராத வியாபாரம் எங்கே போகும்? சின்னக் கடைக்காரனுக்கும் இது தெரியும்.

2021 சட்டம் துறைமுக வாரியமே பெருந்திட்டம் போடவும் கட்டணம் நிர்ணயிக்கவும் இடம் கொடுத்தது. முன்பு கட்டணத்தை, 1997இல் மத்திய அரசு அமைத்த தனி ஆணையம் பார்த்தது. 17 முதல் 19 பேர் இருந்த வாரியம் 11 முதல் 13 ஆகச் சுருங்கியது. பழைய வாரியத்தில் சரக்கு அனுப்புவோரும் உட்கார்ந்தார்கள். புதியதில் மாநில அரசுக்கு ஒரு இடம் உண்டு, தொழிலாளருக்கும் உண்டு, வியாபாரிக்கென்று இல்லை. கொள்கை விஷயத்தில் உத்தரவிடும் அதிகாரம் இன்னமும் டெல்லியிடமே.

சுதந்திரம் கொடுத்தது நல்லதுதான். ஆனால் 1925 சொல்லும் பாடம் ஒன்றுண்டு: தூரத்து அதிகாரியைவிட, பங்குள்ளவனின் கண்தான் கணக்கைச் சுத்தமாக வைக்கும். சுயேச்சை உறுப்பினர்களில் ஒருவராவது மலைச்சரக்குக்காரர்களில் இருந்து வரவேண்டும். திட்டமும் கணக்கும் மலையாளத்திலும் தமிழிலும் அச்சாகவேண்டும். தோட்டத்தில் உழைத்து இந்த மலையை வளர்த்த நம் குடும்பங்கள் இதைக் கேட்பதற்கு முழு உரிமை உண்டு. இந்தக் கோரிக்கையை நம் சங்கம் எடுத்துச் சொல்லவேண்டும் என்பது என் விண்ணப்பம்.