முன்னமைவு (மேடை ஒளியமைப்பு)

மேடை ஒளியமைப்பில் முன்னமைவு என்பது, ஒளிக்கருவிகளின் திசை, நிறம், செறிவு முதலிய பண்புகளுக்கான மதிப்புகளை ஒரு பெயரிட்டுக் கட்டுப்பாட்டு மேசையிலோ கணினி மென்பொருளிலோ சேமித்து, நிகழ்ச்சியின் பல இடங்களில் மீண்டும் பயன்படுத்தும் முறையாகும். இது ஆங்கில வழக்கில் பிரிசெட் எனப்படுகிறது. சில நிறுவனங்களின் மேசைகளில் இது பேலட் என அழைக்கப்படுகிறது.

நிகழ்ச்சியின் ஒரு குறிப்பிட்ட தருணத்தில் மேடை ஒளி எவ்வாறு இருக்கவேண்டும் என்பதன் பதிவு கியூ எனப்படும். முன்னமைவைப் பயன்படுத்தி எழுதப்பட்ட கியூ, எண்களைப் படியெடுத்து வைத்துக்கொள்வதில்லை. அந்த முன்னமைவைச் சுட்ட மட்டுமே செய்கிறது. எனவே முன்னமைவில் ஒரு முறை செய்யும் திருத்தம், அதைச் சுட்டும் எல்லாக் கியூக்களிலும் தானாகவே இடம்பெறும்.

வரலாறு

தொடக்கத்தில் இச்சொல் வேறு பொருளில் வழங்கியது. பழைய மேசைகளில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நெம்புகோல்கள் வரிசைகளாக அமைந்திருந்தன. ஒரு வரிசை மேடைக்கு ஒளி தரும்போது, அடுத்த காட்சிக்கான அளவுகளை இயக்குநர் மற்றொரு வரிசையில் முன்கூட்டியே அமைத்து வைப்பார். ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனவர் 1940களின் பிற்பகுதியில் உருவாக்கிய மின்னணு மேசை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

1975 ஆம் ஆண்டில் பிராட்வேயில் அரங்கேறிய 'எ கோரஸ் லைன்' என்னும் இசை நாடகத்துக்குத் தாரன் மஸ்ஸர் ஒளியமைத்தார். பிராட்வேயில் கணினி நினைவக மேசை பயன்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவே. 1981 இல் ஜெனிசிஸ் இசைக்குழு பார்சலோனாவில் நடத்திய நிகழ்ச்சியில் வாரி-லைட் எனப்படும் நகரும் ஒளிக்கருவிகள் அறிமுகமாயின. அதுவரை ஒரு விளக்குக்குச் செறிவு என்னும் ஒரே மதிப்பு போதுமானதாக இருந்தது. நகரும் கருவிகளுக்குத் திசை, நிறம் ஆகியவற்றையும் பதியவேண்டியிருந்தது. மதிப்புகளின் எண்ணிக்கை பெருகியதால், அவற்றைப் பெயரிட்டுத் தொகுக்கும் இன்றைய முறை தேவையாயிற்று.

அடிப்படை

மேசைக்கும் கருவிகளுக்கும் இடையே பரவலாகப் பயன்படும் டிஎம்எக்ஸ்512 என்னும் நெறிமுறை 1986 இல் உருவாக்கப்பட்டது. இதில் ஓர் இணைப்பு 512 தடங்களைக் கொண்டது. ஒவ்வொரு தடமும் 0 முதல் 255 வரையான மதிப்பை ஏற்கும். நகரும் கருவிகள் பல, ஒவ்வொன்றும் 20க்கும் மேற்பட்ட தடங்களை எடுத்துக்கொள்கின்றன.

540 பாகை சுழலும் கருவியின் திசையை ஒரே தடத்தால் குறித்தால், ஒரு படி ஏறத்தாழ 2.1 பாகையாகும். 10 மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 37 செ.மீ. விலகலைத் தரும். இதனால் திசைக்கு இரண்டு தடங்கள் இணைக்கப்பட்டு 65,536 படிகள் பெறப்படுகின்றன. இத்தகைய எண்களை மனிதர் நினைவில் வைத்திருக்க இயலாது. 'நடுமேடை', 'இரவு' போன்ற பெயர்களை எளிதில் நினைவில் கொள்ளலாம்.

வகைகள்

முன்னமைவுகள் பொதுவாகப் பண்பின் அடிப்படையில் பிரிக்கப்படுகின்றன:

* செறிவு – ஒளியின் அளவு
* திசை – கருவி நோக்கும் இடம்
* நிறம் – வண்ணக்கலப்பு, வண்ணச்சில்லு
* கற்றை – கோபோ வடிவம், விரிவு, கூர்மை முதலியன

கிராண்ட்எம்ஏ மேசைகளில் இவை அனைத்தும் முன்னமைவு என்றே பெயர் பெறும். ஈஓஎஸ் வகை மேசைகளில் தனிப் பண்புக்கானது பேலட் எனவும், பல பண்புகளை ஒருங்கே கொண்டது மட்டும் முன்னமைவு எனவும் வழங்கும்.

பயன்படும் பரப்பைக் கொண்டும் வேறுபாடு உண்டு. சில முன்னமைவுகள் பதியப்பட்ட கருவிகளுக்கு மட்டும் பொருந்தும். சில, அதே வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நிறத்துக்கு இரண்டாவது முறை ஏற்றது. திசைக்கு அது ஏற்றதன்று. ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு இடத்தில் தொங்குவதால், ஒரே புள்ளியை நோக்க ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு தேவை.

சுற்றுப்பயண நிகழ்ச்சிகளில் பயன்பாடு

முன்னமைவின் பயன் ஊர் ஊராகச் செல்லும் நிகழ்ச்சிகளில் தெளிவாகத் தெரியும். எடுத்துக்காட்டாக, ஒரு நாடகத்தில் 24 நகரும் கருவிகள் உள்ளன எனவும், அவை 60 கியூக்களில் நடுமேடையை நோக்குகின்றன எனவும் கொள்வோம். அடுத்த அரங்கில் விளக்குக் கம்பிகளின் உயரம் மாறினால் எல்லாக் கருவிகளும் இலக்குத் தவறும். கியூக்களில் எண்களே நேரடியாகப் பதியப்பட்டிருந்தால், கிடைமட்டத் திருப்பம், செங்குத்துச் சாய்வு ஆகிய இரண்டுக்குமாக 60 × 24 × 2 = 2,880 மதிப்புகளைத் திருத்தவேண்டும். முன்னமைவு இருந்தால் 24 கருவிகளையும் ஒரு முறை நடுமேடைக்குத் திருப்பி, அந்த முன்னமைவைப் புதுப்பித்தால் போதும்.

கருவிகளைத் தொங்கவிட்டு முடிப்பதற்கும் திரை உயர்வதற்கும் இடையே சில மணி நேரமே கிடைப்பது வழக்கம். அந்த நேரத்துக்குள் நிகழ்ச்சியை ஆயத்தப்படுத்த முடியுமா என்பது, முதல் ஒத்திகையின்போது கியூக்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதைப் பொறுத்தது.

உருவாக்கும் முறை

1. கருவிகளுக்கு முகவரியிட்டு, அவற்றைக் குழுக்களாகப் பிரித்தல்.
2. மேடையில் தேவையான இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் திசை முன்னமைவு பதிதல்.
3. நிறம், கற்றை முன்னமைவுகளைத் தனித்தனியே பதிதல்.
4. இவற்றைக் கொண்டு மட்டுமே கியூக்களை எழுதுதல்.

முன்னமைவில் அதற்குரிய பண்பை மட்டுமே சேமித்தல் வேண்டும். திசை முன்னமைவில் நிறமும் கலந்துவிட்டால், கருவியைத் திருப்பும்போதெல்லாம் நிறமும் மாறிவிடும்.

பெயரிடும்போது எண்ணையோ நிறத்தையோ விடப் பயனைக் குறிப்பது நல்லது. மஞ்சள், கருஞ்சிவப்பு, வெளிர்நீல வடிகட்டிகளால் நிறத்தைக் கழித்துப் பெறும் கருவிக்கும், சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டிப் பெறும் எல்இடி கருவிக்கும் ஒரே நீலத்துக்கான மதிப்புகள் வேறானவை. 'இரவு' என்னும் பெயரில் ஒவ்வொரு வகைக்கும் கண்ணால் பார்த்து நிறத்தைப் பொருத்தி வைத்தால், கருவிகள் மாறினாலும் கியூக்களின் நோக்கம் கெடாது.

கவனிக்க வேண்டியவை

முன்னமைவின் வலிமையே அதன் இடராகவும் அமைகிறது. ஒரு காட்சியில் மட்டும் நீலத்தைச் சற்று மங்கலாக்க விரும்புபவர் முன்னமைவையே திருத்திவிட்டால், ஏனைய காட்சிகளும் மாறிவிடும். அம்மாற்றம் அடுத்த முழு ஒத்திகை வரை புலப்படாமலும் போகலாம். அத்தகைய இடத்தில் புதிய முன்னமைவை உருவாக்குவதே முறை. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது திருத்தினால், பல மேசைகளில் மாற்றம் உடனே மேடையில் தெரியும்.

கியூவில் முன்னமைவுக்குப் பதிலாக நேரடி மதிப்பு தவறுதலாகப் பதியப்படுவதும் உண்டு. அக்கியூ பின்னர் செய்யப்படும் திருத்தங்களை ஏற்காது. பெரும்பாலான மேசைகள் முன்னமைவின் பெயரையும் நேரடி எண்ணையும் வேறுபடுத்திக் காட்டுவதால், பதிந்தவுடன் சரிபார்த்தல் எளிது. பயணத்தின்போது முன்னமைவுகளைப் புதுப்பிக்கும் முன், பழைய கோப்பின் படியொன்றைத் தனியே சேமித்தல் இன்றியமையாதது.