செவ்வாயில் ஒரு டிராஃபிக் ஜாம்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு குறுகிய பாலம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். பாலத்தின் மேல் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர். பின்னால் அலறுகிற ஆம்புலன்ஸ். டிராக்டர் இறங்கினால் தீர்ந்தது. ஆனால் இறங்குகிற முனையில் பஸ்கள் வரிசையாகக் குறுக்கே போகின்றன. டிராக்டருக்கு எவன் வழி விடுவான்? ஆக, பஸ்ஸுக்காக ஆம்புலன்ஸ் காத்துக் கிடக்கிறது!

இதே கூத்து 1997-ல் செவ்வாய் கிரகத்தில் நடந்தது.

அந்த வருடம் ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் அங்கே இறங்கியது. சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. அன்றைக்குச் செய்ய வேண்டிய மிச்ச வேலை அம்போ.

காரணம் ஒரு பூட்டு. ஒரே பேரேட்டில் இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே சமயத்தில் எழுதினால் கணக்கு என்ன ஆகும்? பி.காம். படித்த எனக்கே தெரியும், உருப்படாது. எனவே ஒரு வேலை பொதுத் தகவலைத் தொடும்போது பூட்டிக்கொள்ளும்; மற்றவை காத்திருக்க வேண்டும். பாத்ஃபைண்டரில் வானிலைத் தகவல் சேகரிக்கும் சாதாரண வேலை பூட்டை வைத்திருந்தது. அவசர வேலை வாசலில் நின்றது. நடுத்தர வேலைகள் புகுந்து, பூட்டு வைத்திருந்தவனை நகரவே விடவில்லை. 'அவசர வேலை நடக்கவில்லையே' என்று பயந்த காவல் நிரல், மொத்தத்தையும் அணைத்து எழுப்பியது.

மருந்து ஏற்கெனவே இருந்தது. 1990-ல் லூயி ஷா, ஜான் லெஹாஸ்கி, ரகுநாதன் ராஜ்குமார் என்ற மூவர் கட்டுரையாக எழுதியிருந்தார்கள். ராஜ்குமார் நம்ம கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். யோசனை இதுதான்: ஆம்புலன்ஸின் சைரனை டிராக்டருக்குக் கொடு, பாலம் தாண்டியதும் வாங்கிக்கொள்.

பாத்ஃபைண்டரின் பூட்டிலும் அந்த வசதி உண்டு. வேகம் குறையக் கூடாதென்று அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கிளம்பும் முன் சோதனையிலேயே கோளாறு ஓரிரு முறை தலைகாட்டியிருக்கிறது. மறுபடி வரவழைக்க முடியாததால் விட்டுவிட்டார்கள். இப்போது பூமியில் இருந்த நகல் எந்திரத்தில் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்து, வானொலி வழியே அந்த சுவிட்சைப் போட்டார்கள். தொல்லை ஒழிந்தது.

அதே டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மாநாடு. பாத்ஃபைண்டருக்கு மென்பொருள் தந்த விண்ட் ரிவர் நிறுவனத்தின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'நிஜ ஹீரோக்கள் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள். பெயர்தான் ஞாபகமில்லை' என்ற அர்த்தத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த மூன்று பேரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள்.