செராம்பூர்க் கல்லூரியும் அதன் உரிமைச் சாசனமும்

ஹௌராவிலிருந்து பர்த்வான் செல்லும் இருப்புப் பாதையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் செராம்பூர் நிலையம் உள்ளது. 1854 ஆகஸ்டு 15 அன்று ஹூக்ளிக்கு ஓடிய முதல் வண்டி நின்ற ஊர்களுள் இதுவும் ஒன்று. வங்காளத்தில் வாழும் தமிழராகிய நாம் இவ்வூரைப் பன்முறை கடந்து சென்றிருப்போம். ஆயினும் ஆற்றங்கரையில் உயர்ந்த தூண்களுடன் நிற்கும் கல்லூரியின் வரலாற்றை நம்மில் அறிந்தோர் சிலரே.

1755 முதல் செராம்பூர் டேனிஷ்காரரின் குடியேற்றமாக விளங்கிற்று. நம் தரங்கம்பாடியை ஆண்ட அதே முடியே இதனையும் ஆண்டது. ஆங்கிலக் கம்பெனி அக்காலத்தில் தன் எல்லையுள் பாதிரிமாரை அனுமதிக்கவில்லை. ஆதலின் வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1800-ஆம் ஆண்டில் டேனிஷ் கொடியின் நிழலில் இங்கே ஒன்றுகூடினர். கேரி முன்னர்ச் செருப்புத் தைத்தவர். மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். வார்டு அச்சுத் தொழிலறிந்தவர். மூவருள் ஒருவரேனும் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர்.

அவர்களுடைய அச்சகம் இந்திய மொழிகள் பலவற்றில் நூல்களை வெளியிட்டது. 1812 மார்ச்சு 11 இரவு நேர்ந்த தீயில் கையெழுத்துப் படிகளும், காகிதமும், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் அச்செழுத்துக்களும் அழிந்தன. அவர்கள் மனந்தளரவில்லை. உருகிய ஈயத்தைத் திரட்டி மீண்டும் எழுத்துக்களை வார்த்தனர்.

1818-இல் அம்மூவரும் கல்லூரியை நிறுவினர். கீழ்நாட்டு இலக்கியத்தையும் மேல்நாட்டு அறிவியலையும் ஒருங்கே கற்பிப்பது அதன் நோக்கம். முதலில் சேர்ந்த மாணவர் 37 பேர். அவருள் இந்துக்களும் இருந்தனர். சாதி, நிறம், நாடு எதுவும் சேர்க்கைக்குத் தடையாகாதென்பது கல்லூரியின் விதி.

1827 பிப்ரவரி 23 அன்று டென்மார்க்கின் ஆறாம் பிரெடரிக் மன்னர் அரச சாசனம் ஒன்றை வழங்கினார். பட்டமளிக்கும் உரிமை அதனால் கிடைத்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்கு 30 ஆண்டுகள் முன்னரே ஒரு சிற்றூர்க் கல்லூரி பெற்ற பேறு இது!

ஆயினும் அவ்வுரிமை நெடுங்காலம் ஏட்டளவிலேயே கிடந்தது. 1823-இல் வார்டும், 1834-இல் கேரியும், 1837-இல் மார்ஷ்மனும் மறைந்தனர். 1845-இல் செராம்பூரும் தரங்கம்பாடியும் ஒரே உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. கல்லூரியின் உரிமைகள் நீடிக்கும் என்று அவ்வுடன்படிக்கையில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. கொடி மாறியும் சாசனம் பிழைத்தது அவ்விதியினாலேயே. பின்னர்க் கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1883-இல் கலைப் பகுதியே மூடப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹவல்ஸ் என்பார் முதல்வராக வந்து, உறங்கிக் கிடந்த சாசனத்தை எழுப்பினார். கலை வகுப்புக்கள் மீண்டும் தொடங்கின. 1915-இல் சாசனத்தின்படி முதன்முறையாக இறையியல் பட்டம் வழங்கப்பட்டது. உரிமை பெற்றது 1827. பட்டம் அளித்தது 1915. இடையே 88 ஆண்டுகள்! 1918-இல் வங்காளச் சட்டமன்றம் தனிச் சட்டமியற்றி அவ்வுரிமையை நிலைநிறுத்திற்று. இன்று கலை, அறிவியல் வகுப்புக்கள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்துள்ளன. இறையியல் பட்டங்களைச் செராம்பூர் செனட்டே வழங்குகின்றது. மதுரையிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பயில்வோரும் செராம்பூர்ப் பட்டமே பெறுகின்றனர்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? சாசனம் எத்துணைச் சிறப்புடையதாயினும், அதனைக் கையிலெடுத்து உழைப்பாரில்லையேல் அது வெறுங் காகிதமே. நம் காலனிக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் உரிமையை எவரும் நமக்கு மறுத்ததில்லை. ஆயினும் பெயரைத் தமிழில் எழுதவறியாத பிள்ளைகள் நம் இல்லங்களில் வளர்கின்றனர். நாமோ நாளை, நாளையென்று நாளைப் போக்குகின்றோம். செராம்பூர்ச் சாசனம் 88 ஆண்டுகள் காத்திருந்தது. நம் குழந்தைகளின் இளமை அவ்வாறு காத்திராது. வரும் ஞாயிற்றுக்கிழமையே பலகையும் பலப்பமும் எடுத்து அவர்களுடன் அமர்வோமாக!