பிரிக்ஸ்

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகளால் ஆன குறுக்கப் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டின்படி சீனாவுக்குரிய எழுத்து இச்சொல்லில் ‘க்’ என்று ஒலிப்பதால், தமிழில் எழுதும்போது அந்நாட்டின் சுவடே தெரிவதில்லை.

சொல் பிறந்தது எந்த வெளியுறவு அமைச்சகத்திலும் அன்று. ஒரு முதலீட்டு வங்கியில். 2001 நவம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் பொருளியலாளர் ஜிம் ஓ’நீல், ஓர் அறிக்கையில் முதல் நான்கு நாடுகளை மட்டும் ‘பிரிக்’ என்று சேர்த்து எழுதினார். அது செங்கல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் ஒத்தது. அறிக்கையின் தலைப்பே அந்தச் சிலேடையில் அமைந்தது. முதலீட்டாளருக்குச் சந்தை காட்ட வந்த சொல்லை அந்நாடுகளே தமக்குப் பெயராக்கிக்கொண்டது வேடிக்கைதான். 2009இல் ரஷ்யாவின் எகாதெரின்பூர்க்கில் முதல் உச்சி மாநாடு கூடியது. 2010 இறுதியில் தென்னாப்பிரிக்கா அழைக்கப்பட, ‘ஸ்’ சேர்ந்தது.

பிறகு சொல்லின் பொருள் அரசியல் பக்கம் சாய்ந்தது: உலக நிதி அமைப்புகளில் தங்களுக்குக் கூடுதல் குரல் வேண்டுமென்று இந்நாடுகள் கேட்டன. பன்னாட்டு நாணய நிதியத்தின் முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். 16 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் அமெரிக்கா மறுத்தால் அவை நிறைவேறா. 2014இல் இந்த ஐந்து நாடுகளிடையே உடன்பாடாகி ஷாங்காயில் அமைந்த புதிய வளர்ச்சி வங்கியிலோ நிறுவிய ஐவருக்கும் சம பங்கு. தடுப்பதிகாரம் எவருக்கும் இல்லை.

எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் 2024இலும் இந்தோனேசியா 2025இலும் இணைந்தன; பெயர் நீளவில்லை. நாளிதழ்கள் இதைக் ‘கூட்டணி’ என்பது பொருந்தாது. உறுப்பு நாடுகளைப் பிணைக்கும் இராணுவ ஒப்பந்தம் எதுவும் இதில் இல்லை; இந்தியாவும் சீனாவும் 2020இல் எல்லையிலுள்ள கல்வானில் மோதிக்கொண்டவை. ‘கூட்டமைப்பு’ என்பதே தகும்.