துரைத் தொப்பி

பிரிஸ்பேனில் இருக்கும் தம்பி, மகள் பள்ளிக்கூடம் போன முதல் நாள் படத்தை அனுப்பியிருந்தான். தலையில் அகலமான நீலத் தொப்பி. காது, பிடரி எல்லாம் நிழலில். ஆஸ்திரேலியாவில் பல பள்ளிகளில் தொப்பி இல்லாமல் வந்தால் மைதானத்தில் விளையாட விடமாட்டார்கள். படத்தைப் பார்த்த அம்மா, "என்னடா இவ, வெள்ளைக்கார துரை மாதிரி இருக்கா" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தேடியதுதான் இந்தக் குறிப்பு.

துரைமார் இங்கே போட்டிருந்தது சோலா தொப்பி. சூரியனைக் குறிக்கும் 'சோலார்' என்பதிலிருந்து வந்த பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கிடையாது. சோலா என்பது நீர்நிலைகளில் வளரும் செடி. நம் ஊர் நெட்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவோமே, தஞ்சாவூரில் பெரிய கோயில் உருவம் செய்வார்களே, அதே நெட்டிதான். அதன் வெண்மையான தக்கையை வைத்துச் செய்த தொப்பி எடையே இல்லாமல் இருக்கும்.

ஆனால் அவர்கள் பயந்தது தோலுக்காக அல்ல. வெயிலில் உள்ள ஏதோ ஒரு கதிர் மண்டையோட்டைத் துளைத்து மூளையையும் நரம்பையும் கெடுத்துவிடும் என்று நம்பினார்கள். முதுகுத்தண்டைக் காப்பாற்றச் சட்டைக்குள் பஞ்சுப் பட்டை கட்டியவர்கள்கூட உண்டு! சார்ல்ஸ் உட்ரஃப் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 1905-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதன் பிறகு பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஆரஞ்சு-சிவப்பு நிற உள்ளாடை மாட்டிவிட்டுச் சோதனை பண்ணிப் பார்த்தார்கள். பலன் ஒன்றுமில்லை, புழுக்கம்தான் மிச்சம். 1910-இல் அறிக்கை வந்தது.

இதில் என்னை உறுத்துவது வேறு. சரியான விடை அப்போதே அச்சில் இருந்தது. ஜெர்மனியின் தோல் மருத்துவர் பால் உன்னா, கடலோடிகளின் முகத்திலும் கையிலும் தடித்துப்போன தோல் புற்றாக மாறுவதை 1894-இல் எழுதிவிட்டார். போர்தோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக் கூலிகளிடம் டுப்ரேய் கண்டதும் அதேதான். 1928-இல் ஃபிண்ட்லே எலிகள்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சித் தோல் புற்றுநோயை உண்டாக்கியே காட்டினார். மூளைக்குப் பயந்து தொப்பி போட்ட துரைக்கு, அதன் விளிம்பு தந்த நிழல் தற்செயலாகக் கிடைத்த லாபம். அரைக்கைச் சட்டைக்கு வெளியே இருந்த கைக்கு அதுவும் இல்லை.

ஆஸ்திரேலியா இதை ஊருக்கே உரக்கச் சொன்னது 1981-இல். ஒரு கடற்புறா பாட்டுப் பாடிக்கொண்டு, சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று தொலைக்காட்சியில் வந்தது. கிரீம் உண்மையிலேயே வேலை செய்யுதா என்று அப்புறம்தான் முறையாகச் சோதித்தார்கள். குயின்ஸ்லாந்தின் நாம்பூர் ஊரில் 1,621 பேர். 1992 முதல் 1996 வரை. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் தினமும் பூசச் சொன்னார்கள். செதிள்செல் புற்றுநோய் அவர்களிடம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. மெலனோமாவும் ஏறக்குறையப் பாதியாகியிருந்தது என்று 2011-இல் தெரியவந்தது.

"நம்ம கருப்புத் தோலுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. பாதி நியாயம்தான். மெலனின் கூடுதலாக உள்ள தோலில் இந்தப் புற்றுநோய் மிகவும் குறைவு. நம்மவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், நகத்தடியில். அங்கே வெயிலுக்கு வேலையில்லை. ஆறாத புண்ணோ புதிதாகக் கருத்த திட்டோ இருந்தால் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் சொல்லிவிட்டு அம்மாவின் பாதத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். பித்தவெடிப்பு மட்டும்தான் இருந்தது.