பங்காளியான மகள்

குடும்பத்துக்குச் சொத்து இருந்தால் அது பெண்ணுக்கும் சொத்துதான் என்றே பொருளியல் நெடுங்காலம் கணக்கிட்டு வந்தது. அந்தக் கணக்கை உடைத்தவர்களில் முக்கியமானவர் பினா அகர்வால். 1951இல் ஜபல்பூரில் பிறந்து, கேம்பிரிட்ஜிலும் டெல்லியிலும் படித்தவர். டெல்லியின் பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்து, பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

1986இல் அவர் எழுதிய நூல் விறகுப் பஞ்சத்தைப் பற்றியது. அடுப்புக்காகக் காடு காடாக அலையும் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட ஏன் இல்லை என்ற கேள்விக்கு 1994இல் வெளிவந்த 'எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்' விடை தேடியது. பெண்ணுக்கு வேலை கிடைத்தால் போதும் என்று பலர் பேசிவந்த நேரத்தில், நிலம் இல்லாதவரை அவள் பேரம் பேசும் வலிமை உயராது என்றது அந்நூல். சட்டம் தரும் உரிமை வேறு, கைக்கு வரும் நிலம் வேறு, அதில் என்ன விதைப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் வேறு என்று மூன்றையும் பிரித்துக் காட்டியதே அதன் பெரும் பங்களிப்பு. காசி, காரோ, நாயர் சமூகங்களின் தாய்வழி மரபுகளோடு, மகளுக்குச் சீதனமாகச் சொத்து தந்த யாழ்ப்பாணத் தமிழர் மரபும் அதன் ஆய்வுப் பரப்புக்குள் வந்தது.

இந்தியாவில் அந்தச் சட்ட உரிமையே படிப்படியாகத்தான் வந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. பிதுரார்ஜிதச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு பெறுவது மகன்களோடு நின்றது. கேரளம் 1976இல் கூட்டுக்குடும்ப முறையையே சட்டத்திலிருந்து நீக்கியது. ஆந்திரத்தை அடுத்து, தமிழ்நாடு 1989இல் மகளையும் பங்குரிமையில் சேர்த்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது. 2004இல் நாடாளுமன்றத்துக்கு வந்த திருத்த மசோதாவோ பல மாநிலங்களின் குத்தகைச் சட்டங்களுக்குள் சிக்கியிருந்த விவசாய நிலத்தைத் தொடவில்லை. அகர்வால் முன்னின்று நடத்திய இயக்கம் அந்த ஓட்டையை அடைக்கக் கோரியது; 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அதையும் அடைத்தது. தமிழில் 'பங்காளி' என்றால் இன்றும் ஆண்வழி உறவுதான் நினைவுக்கு வரும். சட்டத்தின் கண்ணில் அன்றோடு மகளும் பங்காளி.

சொத்து வருமானத்துக்கு மட்டுமல்ல என்பதற்கும் அவர் சான்று தந்தார். சக ஆய்வாளர் பிரதீப் பாண்டாவுடன் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்திய ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனிடம் அடிபட்டிருந்தனர். இரண்டும் உள்ளவர்களில் அது 7 சதவீதம்.

சட்டம் வந்தும், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் சகோதரிகள் குறையவில்லை. ஒரு வயலைவிடப் பிறந்த வீட்டு வாசல் திறந்திருப்பது அவர்களுக்குப் பெரிது. வாரிசாக வராத நிலத்தைக் குத்தகையாகவாவது பெற முடியுமா என்று அகர்வால் பின்னாளில் ஆராய்ந்தது இந்தப் பின்னணியில்தான். கேரளத்தில் மாநில அரசின் குடும்பஸ்ரீ திட்டத்துப் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுத்த நிலங்கள், தனிக் குடும்பப் பண்ணைகளை விளைச்சலிலும் லாபத்திலும் மிஞ்சின. தெலங்கானாவின் குழுக்கள் விளைச்சலில் பின்தங்கினாலும் நிகர வருவாயில் ஈடுகொடுத்தன.